வித்வான் வீட்டுப் பிள்ளைகள்

ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது: “என் மகள் இரண்டு ஆண்டுகளாக வாய்ப்பாட்டு கற்றுக்கொள்கிறாள். அவள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த சிறுமி ஒரு பிரபல வித்வானின் மகள். என் மகள் மாதக்கணக்கில் போராடிய, வர்ணம் என்ற பயிற்சிப் பாட்டை அந்தக் குழந்தை நாலே வகுப்பில் பாடிவிட்டாள். இசைக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது ரத்தத்திலேயே வந்துவிடுமா? அப்படியானால் எங்களைப் போன்றவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எதற்காகப் பாடுபட வேண்டும்?”

ரத்தத்தில் வருகிறது என்பதை நான் நம்பவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். வித்வான்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் என்னிடம் படித்திருக்கிறார்கள். அவர்களில் குரல் சுமாராக இருந்தவர்கள் உண்டு. தாளம் நிற்காமல் திண்டாடியவர்கள் உண்டு. பாட்டே வேண்டாம் என்று கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும் உண்டு. ஆனால் காது சரியில்லாத பிள்ளை ஒன்றைக்கூட அந்த வீடுகளிலிருந்து நான் பார்த்ததில்லை. அந்தக் காது எப்படி வருகிறது, அதற்கு அந்தப் பிள்ளைகள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்கள் கேள்விக்கு நேர்மையான பதிலாகும்.

எம்.எஸ். சுப்புலட்சுமி தம் குழந்தைப் பருவத்தைப் பற்றிச் சொன்ன ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். அவர் 1916-ல் மதுரையில் பிறந்தவர். தாய் சண்முகவடிவு வீணைக் கலைஞர், பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். வீட்டில் அவரைக் குஞ்சம்மா என்று கூப்பிடுவார்கள். ஒரு நாள் தெருவில் மண்ணைக் குழைத்து விளையாடிக்கொண்டிருந்த குஞ்சம்மாவை யாரோ வந்து தூக்கி, கையிலும் பாவாடையிலும் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, பக்கத்திலிருந்த சேதுபதி பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சிறு கூட்டத்தின் முன்னால் தாய் வீணை வாசித்துக்கொண்டிருந்தார். பாடு என்றார். குழந்தை ஓரிரு பாட்டுப் பாடியது. எல்லோரும் கை தட்டினார்கள். குழந்தையின் மனமோ விட்டுவந்த மண்ணிலேயே இருந்தது.

இதில் என்னை எப்போதும் நிறுத்துவது அந்த மண்தான். முதல் மேடை என்று நாம் இன்று பெரிதாகப் பேசுகிற ஒன்று அந்தக் குழந்தைக்கு, சொம்பில் தண்ணீர் கொண்டுவா என்று அம்மா சொன்னால் கொண்டுவருவது போன்ற ஒரு வீட்டு வேலை. பாடுவது தனிப்பட்ட திறமை என்ற எண்ணமே அவளுக்கு இல்லை. வீட்டில் எல்லோரும் பாடுகிறார்கள், வாசிக்கிறார்கள். அண்ணன் மிருதங்கம், தங்கை வீணை. கிராமபோன் கேட்டுவிட்டு, ஒரு தாளைக் கூம்பாகச் சுருட்டி வாயருகே வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பாடிக்கொண்டிருப்பாராம். மற்றக் குழந்தைகள் சொப்பு வைத்துச் சமைத்து விளையாடுவது போல, இவர் இசைத்தட்டு வைத்து விளையாடினார். பத்து வயதில் அவர் பாடிய இசைத்தட்டு உண்மையாகவே வெளிவந்தது.

இப்போது காதுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மிருதங்க வித்வானின் பேரன் என் வகுப்புக்கு வந்தான். ஆறு வயது. முதல் நாள் ஒரு மூலையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். நான் பெரிய பெண்கள் நால்வருக்குக் கல்யாணி ராகத்தில் ஒரு கீர்த்தனை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மெல்வதை நிறுத்திவிட்டு, “டீச்சர், தம்புரா அழுகிறது” என்றான். பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டேன். ‘ப’ என்ற சுரத்துக்குரிய பஞ்சமத் தந்தி மயிரிழை இறங்கியிருந்தது. நால்வரில் ஒருவரும் கவனிக்கவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் கவனிக்கவில்லை. பஞ்சமம் என்ற சொல்கூட அவனுக்குத் தெரியாது. மணியைப் பிடித்து நகர்த்தித் தந்தியைச் சேர்த்ததும், சரியாகிவிட்டது என்று தலையாட்டிவிட்டு மறுபடி முறுக்கைக் கடித்தான்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் மகள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வகுப்புக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டில் ஏறக்குறைய 200 மணி நேரம். அந்த வித்வானின் வீட்டில் சாதகம், சீடர்களுக்குப் பாடம், கச்சேரிக்கு முன் ஒத்திகை என்று நாளுக்கு மூன்று மணி நேரம் இசை ஒலித்தால் ஓராண்டுக்கே ஆயிரம் மணி நேரம். எட்டு வயதுக்குள் எட்டாயிரம். அதுவும் எப்படி? தூளியில் கிடந்தபடி, சோற்றை உருட்டியபடி, வீட்டுப்பாடம் எழுதியபடி. தோடி ராகத்தின் காந்தாரம் என்ற சுரத்தை ஹார்மோனியத்தின் ஒரே கட்டையில் நிறுத்திக் காட்ட முடியாது. அது ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவை விளக்க எனக்கு வகுப்பில் மூன்று மாதம் ஆகிறது. அந்த வீட்டுக் குழந்தைக்கு அது பாட்டியின் குரல் நடுங்குவது போலப் பழகிய ஒலி. வர்ணம் நாலு வகுப்பில் வந்ததற்குக் காரணம், நாலாயிரம் தடவை அது அவள் காதில் விழுந்திருந்ததுதான்.

இப்படிக் காது வளர்ந்த வீடுகளில் எனக்குத் தெரிந்து மிக அருமையானது வீணை தனம்மாளின் வீடு. தனம்மாள் 1867-ல் பிறந்து 1938-ல் மறைந்தவர். தஞ்சாவூரிலிருந்து வந்த குடும்பம். பாட்டி காமாட்சி நடனக் கலைஞர், தாய் சுந்தரம்மாள் பாடகி. சென்னை ஜார்ஜ் டவுனில் தனம்மாளின் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த வாசிப்பைக் கேட்க அந்தக் காலத்துப் பெரிய வித்வான்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒலிபெருக்கி கிடையாது. தந்தியை மீட்ட விரலில் மாட்டும் நெளி கிடையாது, விரல் நகம்தான். வீணையோடு தணிந்த குரலில் பாடவும் செய்வார். அந்த மெல்லிய நாதத்தைக் கேட்க வேண்டுமென்றால் கேட்பவர்கள் மூச்சைக் கூட அடக்க வேண்டும். இருமல், பேச்சு, எதையும் அவர் பொறுத்துக்கொள்ள மாட்டார் என்பது ஊரறிந்த செய்தி. பிற்காலத்தில் கண்பார்வையும் போய்விட்டது. பணவசதியும் அந்த வீட்டில் நிலைக்கவில்லை.

அந்த அமைதிக்குள்தான் பேரப்பிள்ளைகள் வளர்ந்தார்கள். மகள் காமாட்சியின் பெண்கள் பிருந்தாவும் முக்தாவும் அபிராமசுந்தரியும்; மகள் ஜயம்மாளின் மகள் பாலசரஸ்வதி, மகன்கள் ரங்கநாதனும் விசுவநாதனும். குழந்தைகள் என்றால் ஓடும், கத்தும், சொம்பை உருட்டும். இந்த வீட்டிலோ வெள்ளிக்கிழமை மாலை வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். அப்படி வாயைப் பொத்திய குழந்தை வேறென்ன செய்யும்? கேட்கும். கேட்பதற்கு இதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பிருந்தா, முக்தா சகோதரிகள் பாடிய க்ஷேத்ரக்ஞரின் பதங்கள் என்ற பாடல்களைக் கேட்டிருப்பீர்கள். கேட்காவிட்டால் கட்டாயம் கேளுங்கள். காலம் மிக மெதுவாகப் போகும். ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் வருவதற்குள் ராகத்தின் உருவமே கண்முன் நிற்கும். இரண்டு பேர் பாடுகிறார்களா, ஒருவரா என்று சந்தேகம் வரும். அந்த நிதானத்தைச் சுர தாளக் குறிப்பு பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. எத்தனையோ வித்வான்கள் அந்த வீட்டுப் பாடாந்தரத்தை, அதாவது பாடும் மரபை, தேடிப் போய்க் கற்றுக்கொண்டார்கள். நம் காலத்தில் அருணா சாயிராமும் சித்திரவீணை ரவிகிரணும் பிருந்தாவிடம் படித்தவர்கள். பிருந்தாவுக்கு 1976-லும் பாலசரஸ்வதிக்கு 1973-லும் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது. நடனக் கலைஞர் ஒருவருக்கு மியூசிக் அகாடமி அந்தப் பட்டத்தைக் கொடுத்தது என்றால், பாலா ஆடும்போது அவருக்குள் ஓடிய இசைக்கும் சேர்த்துக் கொடுத்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அபிநயம் செய்துகொண்டே தாமே பாடுவார். பின்னால் உட்கார்ந்து பாடிய குரல் பெற்ற தாய் ஜயம்மாளுடையது. தாயின் பாட்டுக்கு மகள் ஆடினாள் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆயிரம் பேருக்கு நடுவே ஆடும்போதும் அம்மா முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இங்கே நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். இவ்வளவு இசை இருந்த வீடு, தன் குழந்தைகளை வெளியே அனுப்பியது. பிருந்தாவும் முக்தாவும் சிறு வயதிலேயே காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையிடம் போய்ப் பாடம் கேட்டார்கள். லயத்தில், அதாவது தாளக் கணக்கில், புலி என்று பெயர் வாங்கியவர் அவர். பாலசரஸ்வதி நட்டுவனார் கந்தப்பப் பிள்ளையிடம் பயின்று, 1925-ல் ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். விசுவநாதன் புல்லாங்குழலுக்குத் திருப்பாம்புரம் சுவாமிநாதப் பிள்ளையிடம் போனார். பாட்டியும் தாயும் சித்தியும் பாடும் வீட்டில் குரு கிடைக்காமலா போனார்? பெற்றவர்களின் காது எவ்வளவு கூர்மையோ அவ்வளவு இரக்கமற்றது என்பது அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இதை நான் என் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் புகழ்பெற்றவள் அல்ல, ஆனாலும் காலை முதல் இரவு வரை பாட்டு நடக்கும் வீடு. என் மகளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது மாடிப்படியில் உட்கார்ந்து தனக்குத்தானே மோகன ராக வர்ணத்தைப் பாடிக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சிட்டைஸ்வரம் என்ற சுரப் பகுதியில் ஒரு தைவதம், அதாவது ‘த’ சுரம், நழுவியது. கை நிற்கவில்லை, வாய் மட்டும், “தைவதம்!” என்று கத்தியது. பாட்டு நின்றது. அவள் திரும்பப் பாடிச் சரிசெய்வாள் என்று காத்திருந்தேன். சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், படியின் கைப்பிடியில் கன்னத்தை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் அவள் பாடுவதில்லை என்பதை உணரவே எனக்கு நாலைந்து மாதம் ஆயிற்று. நான் கறிகாய் வாங்கப் போகும்போது பாடுகிறாள் என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னார். அடுத்த விஜயதசமிக்கு அவளை என் தோழி ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அங்கே நான் போனதே இல்லை. மூன்று ஆண்டு கழித்து ஒருநாள் கூடத்தில் உட்கார்ந்து, நான் இருக்கும்போதே பாடினாள். தைவதம் சரியாக இருந்ததா என்று கேட்காதீர்கள். நான் அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

பெற்றோரே குருவாக இருந்து சிறந்த குடும்பங்களும் உண்டு. வயலின் வித்வான் லால்குடி ஜயராமன் தம் தந்தை கோபால ஐயரிடமே கற்றார். அந்தப் பரம்பரை தியாகராஜரின் சீடரான லால்குடி ராமய்யர் வரை போகிறது. ஜயராமனின் மகன் கிருஷ்ணனும் மகள் விஜயலட்சுமியும் அவரிடமே பயின்று அவரோடு மேடையில் வாசித்தார்கள். அப்படி வளர்கிற பிள்ளைக்கு அப்பா எந்த நேரத்தில் அப்பா, எந்த நேரத்தில் குரு என்ற கோடு தெரிய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது தெரிவதில்லை. பாடத்தில் விழுந்த திட்டு சாப்பாட்டுத் தட்டு வரை தொடர்ந்து வருகிறது.

அடுத்தது, நீங்கள் கேட்காத பக்கம். பாடகி எம்.எல். வசந்தகுமாரியின் தாய் லலிதாங்கி பெயர்பெற்ற பாடகி, தந்தை அய்யாசாமி ஐயரும் இசைக்கலைஞர். லலிதாங்கி தேடித் தொகுத்த புரந்தரதாசரின் கிருதிகளை எம்.எல்.வி. மேடைதோறும் பாடித் தமிழ்நாடு முழுவதும் பரப்பினார். தாய் சேர்த்த சொத்தை மகள் ஊருக்கே பங்கிட்டுக் கொடுத்தார். இங்கேயும் மகளைப் பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்திடம் ஒப்படைத்ததைக் கவனியுங்கள். எம்.எல்.வி. 1977-ல் சங்கீத கலாநிதி ஆனார். திரையிலும் மேடையிலும் அந்தக் குரலுக்கு ஓய்வே இல்லை.

அவருடைய மகள்தான் நடிகை ஸ்ரீவித்யா, 1953-ல் பிறந்தவர். தந்தை கிருஷ்ணமூர்த்தி நகைச்சுவை நடிகர். முகத் தசைகளைப் பாதித்த நோயால் அவர் நடிப்பை விட வேண்டி வந்தது. குடும்பச் சுமை முழுவதும் தாயின் குரல்மேல் விழுந்தது. கச்சேரி, ரயில், அடுத்த ஊர், அடுத்த கச்சேரி. தாய்க்குத் தமக்குப் பால் கொடுக்கக்கூட நேரம் இல்லை என்று ஸ்ரீவித்யா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாய் பாடியிராவிட்டால் அடுப்பு எரிந்திருக்காது. ஆனால் அந்த வாக்கியத்தைப் படித்த நாளிலிருந்து, எம்.எல்.வி.யின் பழைய வானொலிப் பதிவுகளைக் கேட்கும்போதெல்லாம், இந்த நேரத்தில் குழந்தை யாரிடம் இருந்தது என்ற கேள்வி எனக்கு வந்துவிடுகிறது. நமக்கெல்லாம் கிடைத்த அந்த இரண்டரை மணி நேரம் ஒரு குழந்தையிடமிருந்து எடுத்து நமக்குக் கொடுக்கப்பட்டது.

1975-ல் வெளிவந்த ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் ஸ்ரீவித்யா பைரவி என்ற கர்நாடக இசைப் பாடகியாக நடித்தார். அந்தப் பாடகியின் மகள் தாயோடு பிணங்கி வீட்டை விட்டுப் போயிருப்பாள். அப்போது ஸ்ரீவித்யாவுக்கு 22 வயது. தம்புராவை மடியில் வைத்துக்கொண்டு மேடையில் உட்காரும் அந்த நிமிர்வை அவருக்கு எந்த இயக்குநரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. சிறு வயதிலிருந்து, மேடைக்குக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்த நிமிர்வு அது.

விலை இன்னொரு விதமாகவும் வரும். ஏ.ஆர். ரகுமானின் தந்தை ஆர்.கே. சேகர் மலையாளத் திரையிசையில் ஓயாமல் உழைத்தவர். 1976-ல் அவர் மறைந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது. அப்பா தொட்ட கீபோர்டு காலையில் யாரோ ஒருவரோடு போய் இரவில் திரும்பி வரும் வீடு அது. பதின்மூன்று வயதுகூட ஆகுமுன் அவரே அவற்றின் முன்னால் கூலிக்கு உட்கார வேண்டியிருந்தது. அந்தப் பையனுக்கு இசை பரம்பரைச் சொத்தாக வந்தது என்று யாராவது சொன்னால், அரிசியும் பருப்பும் அதே வழியில்தான் வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி ராதா விசுவநாதனைப் பற்றி. எம்.எஸ். வளர்த்த மகள். ‘மீரா’ படத்தில் சிறுமி மீராவாக நடித்தவர், அதன்பின் பல பத்தாண்டுகள் எம்.எஸ்.ஸின் மேடையில் அருகே அமர்ந்து கூடவே பாடியவர். 1966-ல் ஐக்கிய நாடுகள் சபையில் ஒலித்ததும் இரண்டு குரல்கள்தான். அவர் தனியாகப் பாடியிருந்தால் எவ்வளவு பெரிய பாடகியாக வந்திருப்பார் என்று பலர் பரிதாபப்படுவார்கள். எனக்கு அந்தப் பரிதாபம் பிடிப்பதில்லை. கூடப் பாடுவது எளிய வேலை என்று நினைப்பவர்கள் ஒரு தடவை செய்து பார்க்கட்டும். முதன்மைக் குரல் எங்கே மூச்செடுக்கும், ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிகளில் எதை இன்று விட்டுவிடும், எந்த இடத்தில் உருகி நிற்கும் என்பது அரை நொடி முன்னால் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவின் மூச்சை அப்படி அறிந்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர்?

எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒரு சுமை உண்டு. அதைக் கொடுப்பவர்கள் நாம்தான். வித்வானின் பிள்ளை நன்றாகப் பாடினால், “பின்னே, யார் பிள்ளை!” என்கிறோம். சுமாராகப் பாடினால், “அப்பா மாதிரி இல்லை” என்கிறோம். நன்றாகப் பாடியதன் பெருமை அப்பாவுக்கும் குறை மட்டும் அந்தக் குழந்தைக்கும் போகிறது. சபாவில் எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள், பதினான்கு வயதுப் பையன் ஒருவன் ஆலாபனையைத் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகாதபோது இப்படித் தீர்ப்புச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். பையனின் தாத்தா அந்த ராகத்துக்கே பெயர்போனவர். அவனும் அதையேதான் எடுத்துக்கொண்டிருந்தான். அந்தத் துணிச்சலுக்காகவாவது ஐந்து நிமிடம் வாயை மூடியிருக்கலாம்.

உங்கள் மகளைப் பற்றி. அவளுக்குக் குறைவது கேட்டுக் கேட்டு வரும் கேள்விஞானம் மட்டுமே. அது காசு கொடுத்து வாங்க வேண்டியதுமல்ல. காலையில் அவள் தலை பின்னிக்கொள்ளும் நேரத்தில் ஒரே ராகத்தை ஒரு மாதம் ஒலிக்க விடுங்கள்; இம்மாதம் தோடி என்றால் தோடி மட்டும். என்ன ராகம் என்று அவளிடம் கேட்காதீர்கள், உட்கார்ந்து கேள் என்றும் சொல்லாதீர்கள். தம்புரா ஒலிக்கும் அறையின் கதவு திறந்திருந்தால் போதும். வீட்டில் அவள் பாடும்போது திருத்தாதீர்கள். அதற்கு வகுப்பில் ஆசிரியர் இருக்கிறார்.

அந்த இன்னொரு சிறுமியை ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு விளையாட அழையுங்கள். வாசலில் மண் இருந்தால் இன்னும் நல்லது. வந்தவளிடம், “எங்கே, ஒரு பாட்டுப் பாடு” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.